பிள்ளைகளைப் பயம் காட்டாதீர்கள்: குமரி மாவட்டத்துச் சமய வகுப்பு ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

கத்தோலிக்கப் பங்குகளில் மறைக்கல்வி எடுக்கும் அண்ணன்மார், அக்காமார், சிஸ்டர்மார், சி.எஸ்.ஐ. சபைகளில் ஞாயிறு பள்ளி நடத்துகிறவர்கள், கோயில் மண்டபத்தில் சமய வகுப்பு எடுக்கும் அம்மாமார், பள்ளிக்கூடம் தொடங்கும் முன்னால் மதரசாவில் ஓதிக் கொடுக்கும் உஸ்தாதுமார், எல்லாருக்கும் வணக்கம்.

பள்ளிக்கூடம் அடைத்தாயிற்று. இனி லீவு முழுக்கப் பிள்ளைகள் உங்கள் கையில்தான். வி.பி.எஸ். என்ற விடுமுறை வேதாகமப் பள்ளியின் நோட்டீஸ் வீடு வீடாக வந்துவிட்டது, கோயில் நடையில் கோடைகால சமய வகுப்பு பேனர் கட்டியாயிற்று. வகுப்பு தொடங்கும் முன்னால் சொல்லிவிட வேண்டும் என்றுதான் அவசரமாக இதை எழுதுகிறேன்.

நான் இந்த மாவட்டத்தின் மேற்குப் பக்கத்தில் தொடக்கப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். கடற்புரத்துப் பள்ளிக்கூடத்திலும் இருந்திருக்கிறேன், ரப்பர் தோட்டத்துப் பக்கத்துப் பள்ளிக்கூடத்திலும் இருந்திருக்கிறேன். சி.எஸ்.ஐ. குடும்பத்தில் பிறந்தவள், இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகிறவள். கடவுள் இல்லை என்று சொல்லவோ, வகுப்பை நிறுத்துங்கள் என்று சொல்லவோ நான் வரவில்லை. உங்களில் பெரும்பாலானவர்கள் ஒரு பைசா வாங்காமல், சொந்தப் பிள்ளையைப் போலப் பார்த்து, லீவு நாளில் வந்து உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. பிள்ளைக்கு வரும் கஷ்டத்துக்கு அந்தப் பிள்ளையின் பாவத்தையோ பக்திக்குறைவையோ காரணமாகச் சொல்லாதீர்கள். விளையாட்டுக்குக்கூடச் சொல்லாதீர்கள்.

முதலில் ஆறுதலைப் பற்றிச் சொல்கிறேன், அது நான் கண்ணால் கண்டது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி என்று வரிசையாக அந்த ஊர்களிலிருந்து நாட்கணக்கில் ஆழ்கடலிலேயே தங்கி மீன்பிடிக்கப் போனவர்கள் எங்கே இருக்கிறார்கள், இருக்கிறார்களா இல்லையா என்றே யாருக்கும் தெரியவில்லை. எத்தனை பேர் காணவில்லை என்பதற்குச் சரியான கணக்குகூட அதிகாரிகளிடம் இல்லாதபோது பங்குக் கோயில்களில்தான் உட்கார்ந்து பேர் பேராக எழுதினார்கள். காணாமல் போனவர்களைத் தேடச் சொல்லிக் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் போய் உட்கார்ந்த கூட்டத்தில் சாமியார்மாரும் இருந்தார்கள். ராத்திரி ஆனால் பெண்கள் கைக்குழந்தைகளோடு கோயில் திண்ணையில் வந்து கிடந்து செபமாலை சொல்வார்கள். வீட்டில் இருந்தால் சுவரைப் பார்த்துக் கிடக்க வேண்டியதுதான், கோயிலில் அப்படி இல்லை, பக்கத்தில் அழுகிறவளுக்கும் தனக்கும் ஒரே கஷ்டம் என்று தெரிகிறது, அழுதுகொண்டே சொல்லவும் வாய்க்கு மனப்பாடமான நாலு வரி இருக்கிறது. அந்த நாட்களில் அந்தப் பிள்ளைகளுக்கு அரசாங்கமும் நாங்களும் கொடுக்க முடியாத ஒன்றைக் கோயில் கொடுத்தது. மதம் அபின் என்று மேடையில் பேசுகிறவர்கள் அந்தத் திண்ணையில் ஒரு ராத்திரி இருந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

அதே ஊர்களில், அதே டிசம்பரில் நடந்ததுதான் அடுத்ததும். நாலாம் வகுப்புப் பையன். அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பந்து என்றால் உயிர், தெரியுமே, நடக்கத் தொடங்கினதும் காலில் பந்து வந்துவிடும். இவனும் அப்படித்தான். அப்பா போன வள்ளம் வரவில்லை. பள்ளிக்கூடம் திறந்த பிறகு இவன் மைதானத்துப் பக்கமே போகாமல் இருந்தான். வகுப்பில் பெஞ்சுக்கு அடியில் கை ஆடிக்கொண்டே இருக்கும். ஜியாமெட்ரி பாக்ஸுக்குள் காம்பஸை எடுத்துவிட்டுச் செபமாலையைச் சுருட்டி வைத்திருந்தான், கணக்குப் பாடம் நடக்கும்போது மணி உருட்டுகிறான். பாடம் கவனிக்கச் சொல்லித் திட்ட மனம் வரவில்லை. மத்தியானம் சோறு தின்னும் நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டேன். “டீச்சர், நான் அண்ணைக்குச் செபத்துக்குப் போவாம பந்து களிக்கப் போனேன். அதான் அப்பா வரல்ல” என்றான். யார் சொன்னார்கள் என்று கேட்டால், மறைக்கல்வி வகுப்பில் சொன்னார்களாம், செபத்துக்கு வராத பிள்ளைகளை மாதா பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள், தண்டனை வீட்டுக்குத்தான் வரும் என்று. சொன்னது புயலுக்கு ஒரு வாரமோ என்னவோ முன்னால். வகுப்புக்கு வருகிற பிள்ளைகள் குறைந்துபோன எரிச்சலில் வாய்க்கு வந்ததைச் சொல்லியிருப்பார்கள், சொன்னவர்களுக்கு மறுநாள் ஞாபகம்கூட இருந்திருக்காது. அவனுக்கு அது தீர்ப்பு. அப்பாவைக் கொன்றது தான்தான் என்று ஒன்பது வயதுப் பிள்ளை முடிவு கட்டி, யாரிடமும் சொல்லாமல் அதைச் சுமந்துகொண்டு, மணி உருட்டித் தீர்க்கப் பார்க்கிறான்.

சின்னப் பிள்ளைகளின் மனது இயல்பாகவே இப்படித்தான் ஓடும். பியாஜே என்ற சுவிட்சர்லாந்து உளவியலாளர் 1930களிலேயே இதைப் பிள்ளைகளிடம் கதை சொல்லிச் சொல்லிக் கேட்டுப் பார்த்து எழுதியிருக்கிறார். திருடிக்கொண்டு ஓடின பையன் பாலம் முறிந்து ஆற்றில் விழுந்தான் என்று கதை சொன்னால், திருடினதால்தான் பாலம் முறிந்தது என்று சின்னப் பிள்ளைகள் சொல்லும், மரம் உளுத்துப் போயிருந்தது என்பது அதுகளுக்குக் காரணமாகவே தோன்றாது. அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தால் நான் அடம் பிடித்ததால் என்று நினைக்கும். வயது ஏற ஏறத்தான் இது மெல்ல விலகும். அப்படி விலகுவதற்கு உதவ வேண்டிய நேரத்தில் நீங்கள் கடவுள் பெயரைச் சொல்லி அதை உறுதிப்படுத்திக் கொடுத்தால் அந்தப் பிள்ளை எங்கே போகும்?

உங்கள் மறைகளே பிள்ளையை விடுவித்து விட்டிருக்கின்றன, அதுதான் எனக்குப் பெரிய ஆதங்கம். கிறிஸ்தவர்களுக்கு முதலில் சொல்கிறேன், நான் அந்த வீட்டுக்காரி என்பதால். யோவான் நற்செய்தி ஒன்பதாம் அதிகாரத்தில் பிறவிக் குருடனைக் காட்டி, இவன் செய்த பாவமா, இவன் அப்பா அம்மா செய்த பாவமா என்று சீடர்கள் கேட்கிறார்கள். இரண்டும் இல்லை என்று இயேசு நேராகச் சொல்லிவிடுகிறார். எல்லாவற்றையும் இழந்து நின்ற யோபுவிடம் வந்து நீ ஏதோ பாவம் பண்ணியிருப்பாய் என்று பிரசங்கம் செய்த நண்பர்கள்மேல்தான் கடைசியில் கடவுளுக்குக் கோபம் வருகிறது. ஞானஸ்நானம் வாங்கும் முன்னால் செத்துப்போன பச்சைக்குழந்தை மோட்சம் போகாது என்று சொல்லி எத்தனை தாய்மாரை எத்தனை நூறு வருடம் அழவைத்தார்கள். அந்தக் குழந்தைகளின் மீட்புக்கு நம்பிக்கை வைக்கக் காரணம் இருக்கிறது என்று வத்திக்கானின் இறையியல் ஆணையமே 2007ல் எழுதி வெளியிட்டது. இஸ்லாத்திலோ பருவம் எய்தும் வரைக்கும் பிள்ளைமேல் குற்றம் எழுதப்படுவதே இல்லை, இது உஸ்தாதுமாருக்கு நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்று இல்லை.

சமய வகுப்பு அம்மாமாருக்கு மகாபாரதத்தில் ஆணி மாண்டவ்யர் கதை தெரிந்திருக்கும். செய்யாத குற்றத்துக்குக் கழுவில் ஏற்றப்பட்ட முனிவர். எனக்கு ஏன் இந்தத் தண்டனை என்று தர்மதேவதையான எமனிடமே போய்க் கேட்கிறார். சின்ன வயதில் நீ ஒரு பூச்சியின் வாலில் புல்லைச் செருகினாய், அதற்குத்தான் என்று பதில் வருகிறது. அறியாப் பருவத்தில் செய்ததற்கு இவ்வளவு பெரிய தண்டனையா என்று முனிவர் கோபப்பட்டு, போய் மனிதனாகப் பிற என்று எமதர்மனையே சபித்துவிடுகிறார், அப்படிப் பிறந்தவர்தான் விதுரர். அதோடு நிற்கவில்லை, பதினாலு வயது வரைக்கும் பிள்ளை செய்வது எதுவும் பாவக்கணக்கில் சேராது என்று அன்றைக்கே ஒரு வரம்பும் கட்டிவிட்டார். எமனுக்கே தண்டனை வாங்கிக் கொடுத்த குற்றம் அது, பிள்ளையின் தவறுக்குக் கணக்கு வைத்த குற்றம். இதை எந்தச் சமய வகுப்பிலாவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டதெல்லாம் பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும் என்பதுதான்.

2004 டிசம்பர் 26 சுனாமியையும் நினைத்துப் பாருங்கள். கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை. கொட்டில்பாடு, குளச்சல், மணக்குடி. எத்தனை குழந்தைகள். ஒன்றாகக் குழி வெட்டித்தான் அடக்கம் செய்ய வேண்டி வந்தது. அதற்குப் பிறகு வந்த கூட்டங்களில் இது கடவுளின் கோபம், கடற்கரைக்காரர்களின் குடிப்பழக்கத்துக்கும் பாவத்துக்கும் வந்த எச்சரிக்கை என்று மைக் வைத்துப் பேசியதை நான் காதால் கேட்டேன். முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்தது பிள்ளைகள். தங்கச்சியைத் தண்ணீருக்குக் கொடுத்த பிள்ளையும் அதில் இருந்திருக்கும் அல்லவா? சுமத்ரா பக்கத்தில் கடலடித் தட்டு நழுவிப் பூமி குலுங்கியதால் வந்த அலை அது. குடிக்காதவன் வீட்டையும் தூக்கியது, கோயில் வாசலுக்கும் வந்தது. இதைச் சொல்லிவிட்டு, உன்கூட நாங்கள் இருக்கிறோம் என்று சொன்னால் எந்தக் கடவுளும் குறைந்துபோக மாட்டார்.

சொல்லால் வரும் கேடு ஒரு பக்கம், உயிருக்கே உலை வைக்கும் காரியமும் நடக்கிறது. என்னிடம் படித்த ஒரு பெண்பிள்ளைக்கு வலிப்பு இருந்தது. ஆசாரிப்பள்ளம் அரசு ஆஸ்பத்திரியில் காட்டி மாத்திரை தின்று நல்லபடியாக வந்துகொண்டிருந்தவள். திடீரென்று ஒரு நாள் வகுப்பில் விழுந்தாள், நாக்கைக் கடித்து ரத்தம், கண் மேலே சொருகி, விரல் எல்லாம் மடங்கி. கொஞ்ச நேரத்தில் நிற்க வேண்டிய வலிப்பு நிற்கவில்லை. ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போகும்போது அம்மாவுக்குப் போன் பண்ணினால், “ஒண்ணுமில்ல டீச்சரே, பொடிக் கோளாறுதான், செபத்துக்குக் கொண்டு போறோம்” என்கிறாள். விசாரித்தால், முதலில் ஒருவரிடம் கயிறு மந்திரித்துக் கட்டியிருக்கிறார்கள், அப்புறம் ஒரு செப வீட்டில், மாத்திரை தின்பது அவிசுவாசம் என்று சொல்லி நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள். வலிப்பு மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் விடாமல் வலிப்பு வந்து மூளையையே பாதிக்கும், உயிரும் போகும். ஒழுங்காக மருந்து தின்றால் பத்தில் ஏழு பேர் வரைக்கும் வலிப்பே வராமல் வாழ முடியும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பிள்ளை பிழைத்துக்கொண்டது. ஆனால் அதற்குப் பிறகு அவள் என்னிடம் கேட்டது மறக்கவில்லை, “டீச்சர், எனக்குள்ள பிசாசு உண்டா?” என்று. செபம் பண்ணுங்கள், திருநீறு பூசுங்கள், ஓதி ஊதுங்கள், ஆனால் மாத்திரை டப்பாவில் கை வைக்காதீர்கள். உங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை மருந்து தின்கிறது என்று தெரிந்தால், டாக்டர் கொடுத்ததை ஒழுங்காகத் தின்னு மக்களே என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள். நாங்கள் நூறு தடவை சொல்வதைவிட அந்த வீட்டில் அதற்கு மதிப்பு அதிகம்.

இன்னொன்று நம் மாவட்டத்துக்கென்றே உள்ளது. 2011 கணக்கெடுப்பில் இங்கே இந்துக்கள் ஏறத்தாழ 49 சதவீதம், கிறிஸ்தவர்கள் 47 சதவீதம், மிச்சத்தில் பெரும்பாலும் இஸ்லாமியர். தமிழ்நாட்டில் வேறு எந்த மாவட்டத்திலும் இப்படி இல்லை. ஒரு பெஞ்சில் மூன்று மதமும் உட்கார்ந்திருக்கும். அந்த பெஞ்சில் இருக்கும் பிள்ளையிடம் போய் உன் கூட்டுக்காரியின் சாமி பிசாசு என்றோ, அவள் வீட்டுக் கேக்கைத் தின்னாதே என்றோ சொல்லி அனுப்பினால் திங்கட்கிழமை காலையில் அதைச் சமாளிப்பது நாங்கள். “பாத்திமா நரகத்துக்குப் போவாளா டீச்சர்?” என்று பாத்திமாவின் கையைப் பிடித்துக்கொண்டே கேட்ட பிள்ளைக்கு நான் என்ன பதில் சொல்ல? 1982ல் மண்டைக்காட்டில் தொடங்கிய கலவரம் நமக்கெல்லாம் மறந்துபோகவில்லை. கடலில் கால் நனைப்பதில் வந்த தகராறு துப்பாக்கிச் சூடு வரை போய், ஊர் ஊராக வீடு எரிந்து, பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் முகம் பார்க்காமல் வாழ்ந்த காலம். அந்தக் கூட்டத்தில் கல் எடுத்தவர்களும் ஒரு காலத்தில் யாரோ ஒருவருடைய வகுப்பில் உட்கார்ந்த பிள்ளைகள்தான்.

இதற்கு நேர் எதிரானதும் இங்கேதான் இருக்கிறது. அந்தி தொழுகை முடியும் நேரத்தில் பள்ளிவாசல் நடையில் போய்ப் பாருங்கள். தூங்காமல் வீல் வீல் என்று அழும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, நெற்றியில் பொட்டு வைத்தவளும் கழுத்தில் சிலுவை போட்டவளும் நிற்பார்கள். தொழுதுவிட்டு வருகிறவர்கள் ஒவ்வொருவராகக் குனிந்து ஓதி ஊதிவிட்டுப் போவார்கள். உன் மதம் என்ன என்று ஒருத்தரும் கேட்பதில்லை. நம்பிக்கையின் ஆறுதல் என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது இதுதான்.

கொல்லங்கோடு தூக்கத்தைப் பற்றியும் கேட்பீர்கள். குழந்தை பிறந்தால் தூக்கம் நடத்துகிறேன் என்று அம்மனுக்கு நேர்ந்துகொண்டவர்கள், விரதம் இருந்த தூக்கக்காரரின் கையில் கைக்குழந்தையைக் கொடுத்து, அந்தரத்தில் உயரத் தூக்கிக் கோயிலைச் சுற்றிக் கொண்டுவருவது. பல வருடம் குழந்தைக்காக ஏங்கின தாயின் நன்றி அது என்பதை நான் மதிக்கிறேன். ஆனாலும் குழந்தையை அவ்வளவு உயரத்துக்குத் தூக்குவதில் எனக்குச் சம்மதம் இல்லை. பத்தனம்திட்டை மாவட்டத்தில் ஒரு கோயிலில் 2024ல் இப்படி ஒரு தூக்கத்தில் குழந்தை கை தவறிக் கீழேயே விழுந்தது. டி.வி.க்காரர்கள் கேமராவோடு வந்து இதைத்தான் பயங்கரம் என்று காட்டுகிறார்கள். சரி, காட்டட்டும். ஆனால் அந்தக் குழந்தை இறங்கினதும் பால் குடித்துவிட்டுத் தூங்கிவிடும், ஏழு வயதில் காதில் விழும் நரக வர்ணனை எழுபது வயதிலும் கூட வருகிறது. எங்கள் சபையிலேயே மரணப் படுக்கையில், தான் போகப்போவது எங்கே என்று நடுங்கின கிழவிகளை நான் பார்த்திருக்கிறேன். ஒரு ஈ எறும்புக்குக்கூடக் கெடுதல் செய்யாதவர்கள். அதைக் கேமரா வைத்து எடுக்க முடியாது.

நம் ஊரில் சமயம் எதற்காக வந்தது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பயத்தை எடுக்கத்தானே வந்தது. இடுப்புக்கு மேலே துணி போடக்கூடாது, தலைப்பாகை கட்டக்கூடாது, தெருவில் நடக்கக்கூடாது என்று இருந்த ஜனங்களைப் பார்த்து, தலைப்பாகை கட்டிக்கொண்டு வா என்று சொன்னவர் அய்யா வைகுண்டர். அவர் பேய்களை எரித்துவிட்டார் என்பதுதான் அய்யாவழிக்காரர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லும் கதை, இனி பேய் இல்லை, பயப்படாதே என்று. அவர்கள் வழிபடும் பதியில் போய்ப் பார்த்தால் கண்ணாடிதான் இருக்கும், உன்னையே பார் என்று. எங்கள் பக்கத்திலும் பெண்பிள்ளை எழுத்துப் படிப்பதே பாவம் என்றிருந்த காலத்தில், 1820களில், மிஷனரி மார்த்தா மால்ட் நாகர்கோவிலில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தினார். 1859ல் பெண்கள் மார்பை மறைக்கும் தோள்சீலைக்கு உரிமை கிடைத்ததும், 1936ல் திருவிதாங்கூர் கோயில்கள் எல்லாச் சாதி இந்துக்களுக்கும் திறந்ததும், சாமி எங்களுக்கும் உண்டு என்று பயமில்லாமல் நின்ற ஜனங்களால்தான். அந்த வழியில் வந்த நாம் நாலாம் வகுப்புப் பிள்ளையைப் பயம் காட்டி உட்கார வைக்கலாமா?

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், கோபப்பட வேண்டாம். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி பள்ளிக்கூடத்தில் பிள்ளையை அடிப்பது மட்டுமல்ல, மனதளவில் துன்புறுத்துவதும் கூடாது, மீறினால் ஒழுங்கு நடவடிக்கை உண்டு, நாங்கள் அதற்குக் கட்டுப்பட்டவர்கள். சமயக் கல்வியை மட்டுமே முக்கியமாகக் கொடுக்கும் இடங்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று 2012ல் திருத்தம் வந்துவிட்டது. ஆக, உங்கள் வகுப்பை எட்டிப் பார்க்க எந்த அதிகாரியும் வரப்போவதில்லை. ஆசிரியப் பயிற்சியும் உங்களில் பலருக்குக் கிடையாது. பங்குப் பேரவை, சேகரக் கமிட்டி, ஜமாஅத், கோயில் கமிட்டி, இவர்கள்தான் பார்க்க வேண்டும். பார்க்கிறார்களா? வகுப்புக்கு எத்தனை பிள்ளை வந்தது, ஆண்டு விழாவில் யார் பரிசு வாங்கியது என்பதோடு சரி.

அதனால் அந்தக் கமிட்டிக்காரர்களிடமும் கேட்டுக்கொள்கிறேன். இந்த லீவு வகுப்பு தொடங்கும் முன்னால் ஒரு சாயங்காலம் ஆசிரியர்களைக் கூட்டி உட்காருங்கள், ஊரில் உள்ள ஒரு குழந்தை மருத்துவரையோ ஓய்வு பெற்ற ஆசிரியரையோ கூப்பிடுங்கள். நரகத்தில் கொதிக்கும் எண்ணெயை வரைந்து வைத்திருக்கும் சார்ட் பேப்பர்களை அன்றைக்கே கழற்றிவிடுங்கள். பேய் ஓட்டும் இடங்களுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போக வேண்டாம் என்று தாய்மாரிடம் நீங்களே சொல்லுங்கள். பிள்ளை ஒன்று, கடவுள் ஏன் எங்கப்பாவைக் காப்பாத்தல்ல என்று கேட்டால், எனக்குத் தெரியாது மக்களே, எனக்கும் சங்கடமாத்தான் இருக்கு என்று சொல்லிப் பக்கத்தில் உட்காருங்கள். உடனே ஒரு விளக்கம் கொடுக்க வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை. வகுப்பறைச் சுவரில் வசனத்துக்கும் சுலோகத்துக்கும் பக்கத்தில் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும், அது எதற்கு என்பதையும், பிள்ளைகள் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

பாட்டு, கதை, நாடகம், திருவிளக்குப் பூஜை, மனப்பாட வசனத்துக்குப் பென்சில் பாக்ஸ் பரிசு, அதெல்லாம் நன்றாகவே நடக்கட்டும். பதினாலு வயதுக்குக் கீழே பாவக்கணக்கு இல்லை என்ற மாண்டவ்யர் கதையும், பிறவிக் குருடன் கதையும், பருவம் எய்தாத பிள்ளைக்குக் குற்றம் இல்லை என்ற சட்டமும் இந்த வருடம் உங்கள் பாடத்தில் முதல் வாரத்திலேயே இருக்குமா? இருக்கும் என்று எந்தச் சபையாவது, கோயிலாவது, பள்ளிவாசலாவது சொன்னால், கூப்பிட்ட நாளுக்கு நான் வந்து அந்தப் பிள்ளைகளோடு உட்காரத் தயார்.